பைலட் ரெஸ்யூமில் ஹவர்ஸ், ரேட்டிங், வேலை அனுபவம் எழுதுவது எப்படி?

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஏதாவது ஒரு ஜெராக்ஸ் கடையில் சொன்னால் போதும், டீ குடித்துவிட்டு வருவதற்குள் பயோடேட்டா தயார். அப்பா பெயர், மதம், ரத்த வகை, பொழுதுபோக்கு, கடைசியில் 'மேற்கண்டவை யாவும் உண்மை' என்று ஓர் உறுதிமொழி. சிபிஎல் (கமர்ஷியல் பைலட் லைசென்ஸ்) முடித்து ஊர் திரும்பிய கடலூர், புதுச்சேரிப் பிள்ளைகள் பலரும் இதே வடிவத்தில் ஹவர்ஸை, அதாவது பறந்த நேரத்தை, இரண்டாம் பக்கத்தில் திணித்து அனுப்புகிறார்கள். பின்னணியில் ஒரு விமானப் படம் வேறு!

ரெஸ்யூமைப் பிரிப்பவருக்கு முதலில் தெரிய வேண்டியவை மூன்று: என்ன லைசென்ஸ், எத்தனை மணி நேரம், கடைசியாக எப்போது பறந்தீர்கள். இவை முதல் பக்கத்தின் மேல்பாதியிலேயே இருக்கட்டும். ரெஸ்யூம் ஆங்கிலத்தில்தான் போகும்; மாதிரி வரிகளை மட்டும் இங்கே தமிழில் தருகிறேன்.

படி 1: லைசென்ஸும் ரேட்டிங்கும்

பெயர், போன், மெயில் முடிந்ததும் இது. ரேட்டிங் என்பது லைசென்ஸில் ஏறும் கூடுதல் தகுதி; இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங் (ஐஆர்) என்றால் வெளியே பார்க்காமல் கருவிகளை வைத்தே பறக்கும் தகுதி. ஒரு வரிக்கு ஒன்று, பக்கத்திலேயே காலாவதித் தேதி.

சிபிஎல் (ஏரோப்ளேன்), டிஜிசிஏ (விமானப் போக்குவரத்து இயக்குநரகம்) இந்தியா
மல்டி எஞ்சின் ரேட்டிங்
இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங், முடியும் தேதி
கிளாஸ் 1 மெடிக்கல், முடியும் தேதி
ஆங்கிலத் தேர்ச்சி, ஐகாவோ (சர்வதேச விமானப் போக்குவரத்து அமைப்பு) லெவல் 5

ஐஆர் காலாவதியாகியிருந்தால் மறைக்க வேண்டாம், முடிந்த தேதியையே போடுங்கள். டைப் ரேட்டிங் (குறிப்பிட்ட ஒரு வகை விமானத்தை ஓட்டும் தகுதி) விஷயத்தில் இன்னும் கவனம் தேவை. சிமுலேட்டர் பயிற்சி மட்டும் முடிந்து லைசென்ஸில் இன்னும் ஏறவில்லையா? 'சிமுலேட்டர் பயிற்சி முடிந்தது, எண்டார்ஸ்மென்ட் (லைசென்ஸில் பதிவு) நிலுவையில்' என்று எழுதுங்கள். வெறுமனே 'டைப் ரேட்டட்' என்று போட்டால் நேர்முகத்தில் லைசென்ஸைத் திறந்ததும் குட்டு உடைந்துவிடும். விமானத்தின் வகையையும் முழுதாகச் சொல்லுங்கள். நம் புதுச்சேரி லாஸ்பேட்டை விமான நிலையத்தில் வந்திறங்கும் விமானத்தை நாம் 'ஏடிஆர்' என்போம். ரெஸ்யூமில் அது 'ஏடிஆர் 72-600'.

படி 2: ஹவர்ஸ்

புதியவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். நினைவிலிருந்து எழுதாமல், பறந்த நேரத்தைப் பதியும் லாக்புக்கைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். பிஐசி (பைலட் இன் கமாண்ட்) என்பது விமானத்துக்கு நீங்களே பொறுப்பாக இருந்து பறந்த நேரம், டூயல் என்பது பயிற்றுநருடன் பறந்த நேரம், கிராஸ் கன்ட்ரி என்பது ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குப் பறந்தது.

மொத்தம் 206:30
பிஐசி 112:10
டூயல் 94:20
கிராஸ் கன்ட்ரி பிஐசி 58:40
இரவு 11:45
மல்டி எஞ்சின் 15:20
இன்ஸ்ட்ருமென்ட், விமானத்தில் 22:15
சிமுலேட்டர் (மொத்தத்தில் சேராது) 20:00

பிஐசியும் டூயலும் கூடினால் மொத்தம் வர வேண்டும். கோ-பைலட் நேரம் இருந்தால் அதுவும் அந்தக் கூட்டலில் சேரும். இரவு, கிராஸ் கன்ட்ரி, மல்டி எஞ்சின் எல்லாம் அந்த மொத்தத்துக்குள் அடங்கியவை. அவற்றையும் கூட்டி 300 மணி நேரம் என்று காட்டினால், எண்ணம் நல்லதாகவே இருந்தாலும் அது பொய்க்கணக்கு.

அப்புறம் அந்தப் புள்ளி. 206 மணி 30 நிமிடத்தை 206.30 என்று எழுதினால், தசமமாகப் படிப்பவருக்கு அது 206 மணி 18 நிமிடம். ஒன்று 206:30 என்று எழுதுங்கள், இல்லையென்றால் 206.5. இரண்டையும் கலக்காதீர்கள்.

இந்தியாவில் சிபிஎல்லுக்கு 200 மணி நேரம் தேவை, அதில் 100 பிஐசி. ஆகவே புதிதாக வருகிற எல்லாருடைய மொத்தமும் ஏறக்குறைய ஒன்றுதான். வித்தியாசம் தெரிவது 'கடந்த 6 மாதம், கடந்த 12 மாதம்' என்ற வரிகளில். அது பூஜ்யமாக இருந்தாலும் எழுதுங்கள். பட்டியலின் கீழே 'இந்தத் தேதி வரையிலான கணக்கு' என்று ஒரு குறிப்பும் வேண்டும்.

படி 3: வேலை அனுபவம்

புதியது மேலே, பழையது கீழே. பதவி, விமானம், தளம், மாதமும் ஆண்டும்:

ஃபர்ஸ்ட் ஆபீசர், ஏடிஆர் 72-600, ஹைதராபாத், 2024 பிப்ரவரி முதல்

அதன் கீழே அந்த விமானத்தில் பறந்த நேரம் மட்டும். 'பயணிகளைப் பாதுகாப்பாகக் கொண்டு சேர்த்தேன்' என்பதெல்லாம் வேண்டாம், அதற்குத்தானே சம்பளம்! பயிற்றுநராக இருந்திருந்தால் சொல்லிக்கொடுத்த நேரத்தைத் தனியாகக் காட்டுங்கள்.

விமான வேலை இன்னும் கிடைக்காதவர்கள் இடைவெளியைக் கண்டு பயப்படுகிறார்கள். லைசென்ஸ் வாங்கிவிட்டு வருடக்கணக்கில் காத்திருப்பது இந்தத் தொழிலில் புதிதல்ல. அந்தக் காலத்தில் கடலூர் துறைமுகத்தில் அப்பாவின் மீன் வியாபாரத்தில் கணக்குப் பார்த்தீர்களா? 'கணக்கு, விற்பனை, குடும்ப வியாபாரம், கடலூர், 2023 ஜூன் – 2024 டிசம்பர்' என்று ஒரே வரியில் எழுதுங்கள். அதற்கடுத்த வரியில் ஐஆர் புதுப்பிக்கப் பறந்த நேரத்தையும் சிமுலேட்டர் பயிற்சியையும் சேருங்கள். காலி இடமாக விட்டால்தான் கேள்வி வரும்.

படி 4: அனுப்புவதற்கு முன்

புதியவருக்கு ஒரு பக்கம் தாராளம். மதம், சாதி, பொழுதுபோக்கு வரிகளை எடுத்துவிடுங்கள், விமானப் படத்தையும்தான். பிடிஎஃப் ஆக்கி, கோப்புக்கு உங்கள் பெயர், 'சிபிஎல்', மாதம் என்று பெயர் வையுங்கள். லாக்புக்கின் கடைசிப் பக்கங்களை ஸ்கேன் செய்து தயாராக வைத்திருங்கள். கேட்டால் அன்றே அனுப்பிவிடலாம்.