மெகெட்ரேயின் மரக் களஞ்சியம்: பார்த்துப் படிப்பது எப்படி?

எகிப்தியக் கல்லறை என்றதும் பலருக்கும் தங்க முகமூடிதான் நினைவுக்கு வரும். எனக்குப் பிடித்தது மரத்தில் செய்த ஒரு சின்னத் தானியக் களஞ்சியம். புதிதாகப் பார்ப்பவர்கள் இதிலிருந்து தொடங்கலாம்.

படி 1: நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தின் இணையதளத்தில் 20.3.11 என்ற எண்ணைத் தேடுங்கள். படம் இலவசம். கணினித் திரையில் பெரிதாக்கிப் பாருங்கள்.

படி 2: வந்த இடத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். மெகெட்ரே சுமார் 4,000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த அரசு உயரதிகாரி. பழைய எகிப்திய நகரமான தீப்ஸில் இருந்த அவர் கல்லறை எப்போதோ கொள்ளை போய்விட்டது. 1920இல் தொல்லியலாளர் ஹெர்பர்ட் வின்லாக்கின் குழு அதைச் சுத்தம் செய்தபோது, கல் துகள்கள் ஒரு விரிசலுக்குள் சரிவதைப் பார்த்தார்கள். உள்ளே திருடர் கண்ணில் படாத சிற்றறை, அதில் 24 மர மாதிரிகள்! ஒரு பாதி கெய்ரோவில் இருக்கிறது, மறுபாதி நியூயார்க்கில்.

படி 3: சுவரைப் பாருங்கள். நான்கு மூலையும் கூர்மையாக எழும்பி நிற்கும். திருடனும் எலியும் ஏறாமலிருக்க இப்படிக் கட்டியிருக்கலாம் என்கிறார்கள்.

படி 4: ஆட்களை எண்ணுங்கள். அவசரப்படாதீர்கள், விஷயமே இங்கேதான். மூட்டை தூக்குபவர்கள் 6 பேர். அளப்பதும் கணக்குப் பார்ப்பதும் 9 பேர்! எழுத்தர்கள் மடியில் பாப்பிரஸ் (நாணல் தாள்) சுருளையும் மரப்பலகையையும் வைத்துக்கொண்டு குனிந்து எழுதுகிறார்கள். செத்த பிறகும் சாப்பாட்டுக்குக் குறை வரக் கூடாது என்றுதான் களஞ்சியத்தைக் கூடவே வைத்தார்கள். ஆனால் தானியம் மட்டும் போதவில்லை, அதற்குக் கணக்கும் வேண்டியிருந்தது. இதைப் பார்க்கும்போதெல்லாம் அந்த ஊரின் அன்றாட வாழ்க்கையே கண்முன் வந்துவிடுகிறது.

படி 5: தோள்களைக் கவனியுங்கள். மெகெட்ரே காலத்து மர உருவங்களில் கைகளைத் தனியாகச் செதுக்கி, முளை அடித்துப் பொருத்துவது வழக்கம். அதன் மேல்தான் வண்ணம் பூசுவார்கள்.

சரி, இந்தத் தானியம் அப்புறம் எங்கே போகும்? 20.3.12 என்று தேடுங்கள். அதே கல்லறையின் ரொட்டிச் சாலையும் பியர் வடிக்கும் இடமும் வரும். மாவு அரைக்கும் பெண்களிடம் தொடங்கி, கறுப்புக் களிமண்ணால் வாயடைத்த பியர்ச் சாடிகள் வரை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போங்கள்.