பெட்டியில் ‘ஃபிப்ஸ்’ என்று போட்டிருக்கிறதா? வாங்குவதற்கு முன் இப்படிச் சரிபாருங்கள்

சுங்கை சிப்புட்டில் கணினிக் கடை வைத்திருக்கிறேன். தோட்ட அலுவலகங்கள், ஒரு செம்பனை ஆலை, ஒன்றிரண்டு கிளினிக்குகள்தான் என் வாடிக்கை. முன்பு பெண்டிரைவ் வாங்க வருகிறவர்கள் விலையை மட்டும்தான் கேட்பார்கள். இப்போது கோலாலம்பூர் தலைமை அலுவலகம் அனுப்பும் தாளில் ‘ஃபிப்ஸ் 140 சான்றிதழ் உள்ள குறியாக்கச் சாதனம்’ என்று ஒரு வரி வருகிறது. தோட்டத்துக் கிராணி அதைக் கையில் பிடித்துக்கொண்டு, “தம்பி, இது யார் கொடுக்கிற சான்றிதழ்?” என்கிறார்.

ஃபிப்ஸ் என்பது அமெரிக்க மத்திய அரசின் தகவல் செயலாக்கத் தரங்கள். அதில் 140 என்பது, தரவைப் பிறர் படிக்க முடியாதபடி மாற்றும் குறியாக்கத்துக்கானது. சான்றிதழ் கொடுப்பது அமெரிக்காவின் தரநிலை நிறுவனமான நிஸ்ட்டும் கனடாவின் இணையப் பாதுகாப்பு மையமும் சேர்ந்து. 1995-லிருந்து நடக்கும் இந்தத் திட்டத்துக்கு சிஎம்விபி, அதாவது குறியாக்க மாட்யூல் சரிபார்ப்புத் திட்டம் என்று பெயர். மாட்யூல் என்றால் குறியாக்க வேலையைச் செய்யும் பகுதி. அங்கீகாரம் பெற்ற ஆய்வுக்கூடம் சோதித்து அறிக்கை கொடுக்க, இவர்கள் அதைப் பார்த்துச் சான்றிதழ் தருகிறார்கள். அமெரிக்க மத்திய அரசு அலுவலகங்களுக்குத்தான் இது கட்டாயம். அந்தச் சட்டம் நம் தோட்டத்தைக் கட்டாது. தலைமை அலுவலகம் கேட்கிறது, அதனால் பார்க்கிறோம்.

முதலில் விற்பனையாளரிடம் சான்றிதழ் எண்ணைக் கேளுங்கள். பெட்டியில் அச்சடித்த ‘ஃபிப்ஸ்’ முத்திரையை நம்பிப் பணம் கட்டாதீர்கள். அதை யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். இங்கே ஒரு தந்திரம் உண்டு. சிலர் ‘ஏ’ எழுத்தில் தொடங்கும் ஓர் எண்ணை நீட்டுவார்கள். அது ஏஇஎஸ் மாதிரியான குறியாக்கக் கணக்கு முறைகள் சரியாக வேலை செய்கின்றன என்பதற்கான எண் மட்டுமே. முழு மாட்யூலுக்கான எண்ணில் எழுத்து இருக்காது, வெறும் இலக்கங்கள்தான். ‘சோதனையில் இருக்கிறது’ என்ற பட்டியலைக் காட்டினாலும் ஏற்காதீர்கள். தகவல் தொழில்நுட்பப் பொருள்களின் பாதுகாப்பை மதிப்பிடும் காமன் கிரைட்டீரியா சான்றிதழைக் காட்டினால், அதுவும் நல்ல சான்றிதழ்தான், ஆனால் வேறு. நம் நாட்டில் சைபர்செக்யூரிட்டி மலேசியா நடத்தும் மைசிசி திட்டம் அந்த வகை.

எண் கிடைத்ததும் நிஸ்ட்டின் கணினிப் பாதுகாப்புத் தளத்துக்குப் போய், சிஎம்விபி தேடலில் போடுங்கள். காசு கேட்காது, பதிவும் வேண்டாம். பக்கம் திறந்ததும் நிலை என்ன என்று பாருங்கள்: நடப்பிலா, பழைய பட்டியலிலா, ரத்தா? ஃபிப்ஸ் 140-இல் 140-2 பழைய பதிப்பு, 140-3 புதியது. 140-2 தரத்தில் கொடுத்த சான்றிதழ்களுக்குக் கடைசி நாள் 2026 செப்டம்பர் 21. அதன்பின் அவை பழைய பட்டியல்தான். அமெரிக்க அரசு அலுவலகங்கள் புதிதாக வாங்க அது உதவாது. ஆகவே புதிதாக வாங்குகிறவர்கள் 140-3 தேடுவதே புத்தி. கிடங்கில் தேங்கிய பழைய சரக்கைக் கழிவு விலையில் தள்ளிவிடப் பார்ப்பார்கள், உஷார்.

அடுத்து, பலரும் தாண்டிப் போகிற இடம்: பதிப்பு எண். சாதனத்தின் பின்பக்க ஸ்டிக்கரில் பொடி எழுத்தில் மாடல் எண் இருக்கும். செல்போனில் படம் பிடித்துப் பெரிதாக்கிப் பாருங்கள். ஃபர்ம்வேர், அதாவது சாதனத்துக்குள்ளேயே இருந்து அதை இயக்கும் நிரலின் எண்ணைச் சாதனத்தோடு வரும் மென்பொருளில் பார்க்கலாம். இரண்டும் சான்றிதழ் பக்கத்தில் உள்ளதோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். ஃபர்ம்வேரைப் புதுப்பித்தால் அந்தப் புதிய பதிப்பும் பட்டியலில் இருக்க வேண்டும். மென்பொருளுக்கும் இதே கதைதான். பல நிரல்கள் பயன்படுத்தும் குறியாக்க மென்பொருளான ஓப்பன்எஸ்எஸ்எல்லை எடுத்துக்கொண்டால், பெயரைப் பொதுவாகச் சொன்னால் போதாது, 3.1.2 பதிப்பின் ஃபிப்ஸ் பகுதிக்கு 140-3 சான்றிதழ் இருக்கிறது என்பதற்காக மற்றப் பதிப்புகளுக்கும் இருப்பதாக ஆகிவிடாது.

அதே பக்கத்தில் ‘பாதுகாப்புக் கொள்கை’ என்று ஒரு பிடிஎஃப் இருக்கும். படிக்கச் சலிப்பாக இருக்கும், ஆனால் சாதனத்தை எந்த முறையில் இயக்கினால்தான் சான்றிதழ் செல்லும் என்பது அதில்தான் இருக்கிறது. மாட்யூலின் எல்லை எதுவரை என்பதையும் அதில் பாருங்கள். 2010 வாக்கில் ஜெர்மனியின் சிஸ் என்ற பாதுகாப்புச் சோதனை நிறுவனத்தார், இரண்டாம் பாதுகாப்பு நிலைச் சான்றிதழ் பெற்ற பெண்டிரைவ்கள் சிலவற்றைத் திறந்து காட்டினார்கள். குறியாக்கத்தில் பழுதில்லை. கடவுச்சொல்லைச் சரிபார்த்தது கணினியில் ஓடிய விண்டோஸ் நிரல். கடவுச்சொல் எதுவானாலும், சரி என்று ஆனதும் அது டிரைவுக்கு அனுப்பிய சொற்கோவை ஒன்றே. அதை நேரே அனுப்பினால் கதவு திறந்துவிடும். எனவே கடவுச்சொல் எங்கே சரிபார்க்கப்படுகிறது என்று கேளுங்கள். நான் தோட்டங்களுக்குச் சொல்வது, கடவு எண்ணைச் சாதனத்திலேயே தட்டும்படி மேலேயே எண் பொத்தான்கள் உள்ள வகை.

சான்றிதழில் வரும் பாதுகாப்பு நிலைகள் நான்கு. முதலாவதில் உடல்ரீதியான பாதுகாப்பு பெரிதாக இல்லை. இரண்டாவதில் யாராவது பிரித்தால் தடயம் தெரியும். மூன்றாவது, பிரிக்க முயல்வதையே தடுக்கவும் குறியாக்கச் சாவிகளை அழிக்கவும் பார்க்கும். நான்காவது, மின்னழுத்தத்தையும் வெப்பத்தையும் ஏற்றி இறக்கி ஏமாற்றுவதையும் சமாளிக்கும். சம்பளப் பட்டியல் கொண்டுபோக அது தேவையில்லை. மோட்டார் சைக்கிள் பெட்டியில் போட்டு ஈப்போவுக்கு எடுத்துப்போகிற கிராணிக்கு மூன்றாவது நிலை தாராளம்.

கொட்டேஷன் கேட்கும்போது சான்றிதழ் எண், மாடல், ஃபர்ம்வேர் பதிப்பு, நிலை, சான்றிதழ் முடியும் தேதி எல்லாவற்றையும் எழுத்தில் தரச் சொல்லுங்கள். நீங்கள் பார்த்த பக்கத்தையும் தேதியோடு அச்செடுத்து ஃபைலில் வையுங்கள். சரக்கு வந்து இறங்கியதும் ஒன்றைப் பிரித்து ஸ்டிக்கரை ஒத்துப் பாருங்கள். எண் மாறியிருந்தால் டெலிவரி ஆர்டரில் கையெழுத்துப் போடாமல் திருப்பி அனுப்புங்கள்.