ஆள் எது, பாட் எது: எல்லையோரக் குழு அட்மின்கள் தவிர்க்க வேண்டியவை

தமிழக-கேரள எல்லையில் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் பக்கம் வாட்ஸ்அப்பிலோ டெலிகிராமிலோ புதிதாக விவசாயக் குழு தொடங்குகிற அட்மின்கள் எல்லோரும், வந்தது ஆளா, பாட்டா (நிரல் தானாக ஓட்டும் கணக்கா) என்று பிரிப்பதில் ஒரே பள்ளத்தில்தான் விழுகிறார்கள். படமில்லாத கணக்கு, வந்ததும் லிங்க் போடுவது எல்லாம் யாருக்கும் தெரியும், அதை விட்டுவிடுவோம்.

எழுத்தைப் பார்த்து ஆளை எடைபோடுவது

பாலக்காட்டுச் சித்தூர் தாலுகாவில் வீட்டில் தமிழ் பேசி, பள்ளியில் மலையாளம் படித்தவர்கள் ஏராளம். பேச வரும், எழுத வராது. ஆங்கில எழுத்தில் தட்டுவார்கள், இல்லையென்றால் போனிடம் வாயால் சொல்லி எழுத வைப்பார்கள். "மூலத்துரைல வெள்ளம் விட்டோ" என்று ஒரு வரி வரும். மூலத்தறை அணையில் தண்ணீர் திறந்தாச்சா என்பதுதான் கேள்வி. மலையாளத்தில் வெள்ளம் என்றால் தண்ணீர். பொள்ளாச்சிப் பக்கத்து அட்மினோ வெள்ள வதந்தி, பாட் வேலை என்று ஆளையே நீக்கிவிடுவார். பாசனத்துக்குக் காத்திருந்தவர் அப்புறம் எட்டிப் பார்ப்பாரா? அதே நாளில் "அன்பு உழவர் சொந்தங்களே" என்று ஒற்றுப்பிழைகூட இல்லாமல் வந்த கணக்குக்கு வரவேற்பு! எரிச்சலே இதில்தான். பாட்டுக்குப் பின்னால் இருக்கும் ஏஐ மொழி மாதிரிகள் பிழையின்றி எழுதும்; பிழையோடு எழுதச் சொன்னால் அப்படியும் எழுதும். எழுத்து எந்தப் பக்கமும் சாட்சி சொல்லாது.

பேச்சு கொடுத்துப் பாருங்கள். இல்லாத ஒரு வாய்க்காலின் பெயரைச் சொல்லி, அங்கே தண்ணி வந்ததா என்று கேளுங்கள். ஊர்க்காரர் "அது எங்க இருக்கு?" என்பார். பாட் பெரும்பாலும் ஆமாம் போட்டு, விளக்கமும் கொடுக்கும். இந்த ஒன்றை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள். கூச்சப்படுகிற மனிதரும் ஆமாம் போடுவார்.

பயனர்பெயரை நம்புவது

டெலிகிராமில் முறையாகப் பதிந்த பாட்டின் பயனர்பெயர் பெரும்பாலும் 'பாட்' என்றே முடியும். சாதாரணக் கணக்கை நிரல் வைத்து ஓட்டினால் அந்த அடையாளம் இருக்காது.

கேப்சா (மனிதர்தானா என்று சோதிக்கும் சின்னப் புதிர்) போதும் என்பது

போதாது. கூலிக்குத் தீர்த்துக்கொடுக்க ஆள் கிடைக்கும்.

சந்தேகம் வந்ததும் நீக்குவது

டெலிகிராமில் அந்தக் கணக்கின் எழுதும் உரிமையை மட்டும் ஒரு நாள் நிறுத்தலாம். அதற்குள் தனிச்செய்தியில் விசாரியுங்கள். அவர் எழுதியதை நகலெடுத்து உங்கள் மற்ற குழுக்களிலும் தேடுங்கள். வார்த்தை மாறாமல் நாலு இடத்தில் கிடந்தால் தாராளமாக நீக்கலாம். வாட்ஸ்அப்பில் ஒருவரை மட்டும் அடக்கிவைக்க வழியில்லை, அதனால் வாசலிலேயே பாருங்கள்: அட்மின் ஒப்புதலை இயக்கி, "யார் சொல்லி வந்தீங்க?" என்று கேட்டு, சொன்னவருக்கு போன் போட்டு உறுதிசெய்யுங்கள். எல்லையோரத்தில் இதைவிட நல்ல சல்லடை கிடையாது.

அப்படியொரு கணக்கை நம்பி ஏற்கெனவே யாராவது பணம் அனுப்பியிருந்தால், அந்தப் பதிவுகளைப் படமெடுத்து வைத்துக்கொண்டு, அவரை உடனே 1930 என்ற சைபர் மோசடி உதவி எண்ணுக்கு அழைக்கச் சொல்லுங்கள். கணக்கை நீக்குவது அதற்கு அப்புறம்.