வன்னியின் மலையகக் குடும்பங்களின் வரலாற்றைப் பதிவது எப்படி

முதல் நாளே பத்திரங்களைக் கேட்காதீர்கள். கிளிநொச்சியின் பாரதிபுரம், மலையாளபுரம், கிருஷ்ணபுரம் போன்ற ஊர்களிலும் வவுனியாவின் பல குடியேற்றங்களிலும் இருக்கும் மலையக வழி முதியவர்களிடம் (மலைநாட்டுத் தோட்டங்களில் வேலை செய்ய இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்தவர்கள்) வாழ்நாள் முழுவதும் யாரோ ஓர் அதிகாரி பிறப்புச் சான்று, பிரசாவுரிமைச் சான்று, காணி அனுமதிப்பத்திரம் என்று கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். 1970களின் நடுவில் தோட்டங்களில் நிலவிய பட்டினியாலும் 1977, 1983 வன்செயல்களாலும் துரத்தப்பட்டு வந்து, காடு வெட்டிக் குடியேறிய இவர்களின் கதையை ஈழத்தமிழர் வரலாறு எழுதுபவர்களும் ஓரிரு வரிகளில் கடந்துவிடுகிறார்கள். ‘தோட்டக்காட்டார்’ என்ற ஏளனச் சொல் வடக்கில் எங்கள் ஊர்களில்தான் வழங்கியது என்பதை ஒப்புக்கொண்டே அந்த முற்றத்தில் உட்கார வேண்டும்.

பேச்சை வேலையிலிருந்து தொடங்குங்கள். பெரட்டுக்கு (காலையில் ஆள் கணக்கெடுத்து வேலை பிரிக்கும் இடத்துக்கு) எத்தனை மணிக்குப் போனீர்கள், எந்த வயதில் கொழுந்துக் கூடை தூக்கினீர்கள், கொந்தரப்பு (ஒப்பந்த) வேலைக்கு எப்படிக் கணக்குப் பார்த்தார்கள் என்று கேட்டால், தயங்கி இருந்தவர்களும் நிமிர்ந்து உட்கார்ந்து பேசுவார்கள். அவர்களின் சொற்களை யாழ்ப்பாணத் தமிழுக்கு மாற்றி எழுதாதீர்கள். ஒரு அம்மாயியின் பேச்சை எழுதி அவருக்கே வாசித்துக் காட்டியபோது, ‘அன்று அரைச் சம்பளமே கிடைத்தது’ என்ற வரியில் அவர் என்னை நிறுத்தினார். “அரைப்பேர் போட்டான்னு எழுதுங்க தம்பி, முழுநாளும் மலையில நின்னேன்” என்றார். முழுநாள் வேலை செய்தவருக்கு அரைநாள் கணக்குப் போடுவதே அரைப்பேர். என் வரியைப் படிப்பவர் அவர் அரைநாள்தான் வேலை செய்தார் என்று நினைத்திருப்பார். நடந்த அநியாயம் அதில் விழவே இல்லை. அன்றிலிருந்து வாசித்துக் காட்டாமல் எதையும் முடித்ததாக நான் கொள்வதில்லை.

ஆண்டுகளை நேரடியாகக் கேட்டால் குழப்பம் வரும். குடும்பம் இந்தியாவிலிருந்து வந்த வழியைக் கேளுங்கள். தேயிலைக்கு முந்திய கோப்பிக் காலத்தில் வந்தவர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுப் பாதையால் மாத்தளை வரை நடந்தவர்கள். காய்ச்சலிலும் கொலராவிலும் வழியிலேயே விழுந்தவர்களுக்குக் கணக்கில்லை. தலைமன்னாருக்கு ரயில் வந்தது 1914இல். தனுஷ்கோடி 1964 டிசெம்பர் புயலில் அழிந்தது. ஆகவே ‘தனுஷ்கோடியில் கப்பல் ஏறினோம்’ என்று ஒருவர் சொன்னால் அந்தப் பயணம் அதற்கு முந்தியது. நாடற்றிருந்த மலையக மக்களை இந்தியாவும் இலங்கையும் பங்கிட்டுக்கொண்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தமும் அதே 1964இன் ஒக்டோபரில்தான் வந்தது என்பதால், அதன்படி அனுப்பப்பட்ட உறவினர்கள் இராமேசுவரம் வழியாகப் போனதாகவே கேள்விப்படுவீர்கள். தோட்டத்தின் பெயரைத் தமிழில் வழங்கியபடியே குறித்துக்கொண்டு, அது எந்தப் பட்டினத்துக்கு அருகில் என்பதையும் கேளுங்கள். தோட்டங்களுக்கு ஆங்கிலத்தில் வேறு பெயர் இருந்ததால், அது கிடைக்காமல் பழைய ஆவணங்களில் தேட முடியாது.

குடும்பம் சொன்னதை அடுத்து ஏட்டோடு ஒப்பிட வேண்டும். இங்குதான் பிரித்தானியாவின் பங்கைத் தெளிவாக எழுத வேண்டும். பலரும் இம்மக்களின் குடியுரிமையைப் பறித்த 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டத்தோடு கதையைத் தொடங்கி, பழியைக் கொழும்பில் மட்டும் நிறுத்திவிடுகிறார்கள். ஆட்களைக் கொண்டுவந்து கடன் தொகையை எழுதிய சீட்டால் தொழிலாளியைத் தோட்டத்தோடு பிணைக்கும் துண்டு முறையில் 1921 வரை கட்டிவைத்ததும், சிறுபான்மையினருக்குக் காப்பு என்று சோல்பரி யாப்பில் (சுதந்திர இலங்கையின் முதல் அரசியல் யாப்பில்) 29(2)ஆம் பிரிவை எழுதிக் கொடுத்ததும், ஏறத்தாழ 7 இலட்சம் பேர் நாடற்றவர்களானபோது கோடக்கன் பிள்ளை எதிர் முதநாயக்க வழக்கில் அந்தப் பிரிவு மீறப்படவில்லை என்று 1953இல் இலண்டனிலிருந்த பிரிவி கவுன்சில் என்ற இறுதி மேன்முறையீட்டு மன்றத்தின் வழியே தீர்ப்பளித்ததும் ஒரே பேரரசுதான். அந்தத் தீர்ப்பு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. இளைஞர்களோடு உட்கார்ந்து ஒருமுறை வாசியுங்கள்.

கொலனித்துவக் காலக் கடிதப் போக்குவரத்து இலண்டனின் கியூவில் உள்ள பிரித்தானியத் தேசிய ஆவணக் காப்பகத்தில் ‘சி.ஓ. 54’ என்ற வரிசையில் இருக்கிறது. பேரரசு விலகும்போது குடியேற்ற நாடுகளிலிருந்து எடுத்துச் சென்று இங்கிலாந்தின் ஹான்ஸ்லோப் பார்க்கில் ஒளித்து வைத்த கோப்புகள், பிரித்தானிய ஆட்சியை எதிர்த்த கென்யாவின் மௌ மௌ போராளிகள் தொடுத்த வழக்கினால் 2011இல் வெளிப்பட்டன. அவை இப்போது ‘எஃப்.சி.ஓ. 141’ வரிசையில் உள்ளன. இலங்கைக் கோப்புகளும் அவற்றுள் உண்டு. பட்டியலை வீட்டிலிருந்தே தேடலாம், ஆனால் பெரும்பாலான கோப்புகளைப் பார்க்க அங்கே போக வேண்டும், இல்லையேல் பணம் கட்டிப் படி எடுக்க வேண்டும். எங்கள் பாட்டன்மாரைப் பற்றிய ஏட்டுக்கு நாங்களே விலை கொடுக்கும் இந்த நிலையையும் பதிவில் எழுதுங்கள். இலண்டனில் இருக்கும் உறவினர் ஒருவருக்குக் கோப்பு இலக்கத்தை அனுப்பிப் படம் எடுப்பிப்பதே சுலபமான வழி.

வன்னிக்கு வந்த பின் நடந்தவற்றை எழுதும்போது மிகுந்த கவனம் தேவை. கென்ற் பாம், டொலர் பாம் ஆகிய பண்ணைகளில் குடியேறியிருந்த மலையகக் குடும்பங்கள் 1984இல் வெளியேற்றப்பட்டு, அவ்விடத்தில் சிறைக்கைதிகள் குடியமர்த்தப்பட்டார்கள். அவ்வாண்டு நவம்பர் 30ஆம் திகதி விடுதலைப் புலிகள் அங்கு கொன்றவர்களுள் பெண்களும் பிள்ளைகளும் இருந்தார்கள் என்பதை விட்டுவிட்டு எழுதினால் பதிவு நேர்மையாகாது. இக்காலத்தைப் பற்றிப் பேசுபவரின் பெயரையும் ஊரையும் மாற்றி எழுதுங்கள். ஒலிப்பதிவை அவர் அனுமதியின்றி எவருக்கும் அனுப்பாதீர்கள். போர் முடிந்த 2009இன் இடப்பெயர்வில் பத்திரப் பை தொலைந்த இடத்தை யாராவது சொல்லத் தொடங்கினால், கைத்தொலைபேசியை அணைத்துவிட்டுக் கேளுங்கள்.

முடிந்த பதிவைப் பெரிய எழுத்தில் அச்சிட்டு ஒரு படியைக் குடும்பத்திடமும், ஒன்றை ஊர் வாசிகசாலையிலும் கொடுங்கள். குடும்பம் சம்மதித்தால் மின்படியை, இணையத்தில் ஈழத்தமிழ் ஆவணங்களைச் சேகரிக்கும் நூலகம் நிறுவனத்துக்கு அனுப்பலாம். பத்திரங்கள் எஞ்சியிருந்தால் அவற்றை அந்த வீட்டு முற்றத்திலேயே, பகல் வெளிச்சத்தில், இரு பக்கமும் படம் எடுத்து அப்போதே கையில் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஓர் இரவுக்குக் கூட வாங்கிச் செல்ல வேண்டாம்.