கிட்டார்காரரின் கட்டைவிரலைக் கவனியுங்கள்: லத்தீன் ஜாஸ் கேட்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

லத்தீன் அமெரிக்க நாட்டார் இசையும் ஜாஸும் கலந்த ஆல்பங்களைக் கேட்க ஆரம்பிக்கும் பலர் நாலைந்து நாளில் விட்டுவிடுகிறார்கள். "நல்லாத்தான் இருக்கு, ஆனா எல்லாம் ஒரே மாதிரி இருக்கு" என்பார்கள். எனக்கு இந்த இசைமேல் அவ்வளவு பிரியம் என்பதால், அந்த வார்த்தையைக் கேட்கும்போதெல்லாம் மனசு கேட்காது. கேட்கும் விதத்தில் நேரும் சில தவறுகள்தான் பெரும்பாலும் காரணம்.

முதலாவது, போன் ஸ்பீக்கர். நைலான் தந்தி கிட்டார், டபுள் பேஸ், பியானோ, கையால் தட்டும் வாத்தியங்கள் என்று இந்த ஆல்பங்களில் பெரும்பாலும் மரமும் தோலும் தந்தியும்தான். டபுள் பேஸின் தடித்த தந்தி 41 ஹெர்ட்ஸ் அளவில் அதிர்கிறது. போனுக்குள் இருக்கும் குட்டி ஸ்பீக்கருக்கு அது எட்டாது. கிட்டாரின் தடித்த கீழ்த்தந்திகளும் பாதி காணாமல் போகும். மிச்சம் கேட்பது மெல்லிய குரலும் சாக்ஸபோனும் மட்டும் என்றால், ஏதோ ஹோட்டல் வரவேற்பறை இசை போலத்தான் தோன்றும். விலை உயர்ந்த கருவி எதுவும் வேண்டாம், சாதாரண வயர் இயர்போன் போதும்.

அடுத்தது, மெட்டை மட்டும் பின்தொடர்வது. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 1963 மார்ச்சில் நியூயார்க்கில் பதிவாகி 1964இல் வெளிவந்த 'கெட்ஸ்/ஜில்பெர்ட்டோ' ஆல்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்க ஜாஸ் கலைஞர் ஸ்டான் கெட்ஸின் சாக்ஸபோன் அவ்வளவு அழகாக இருப்பதால் காது அதன் பின்னாலேயே போய்விடும். ஒருமுறை அதை விட்டுவிட்டு, கிட்டார் வாசித்துக்கொண்டே பாடும் பிரேசில்காரர் ஜோவாவ் ஜில்பெர்ட்டோவின் வலது கையை மட்டும் கேளுங்கள். கட்டைவிரல் ஒரே சீராகக் கீழ்த்தந்திகளைத் தொட்டுக்கொண்டே போகும். பிரேசிலின் சம்பா இசை ஊர்வலத்தில் சுர்தோ என்கிற பெரிய முரசு செய்யும் வேலை அது. மற்ற விரல்கள் மூன்று தந்திகளைச் சேர்த்துச் சுண்டும், அதுவும் அடிக்கு நேராக விழாமல் கொஞ்சம் முன்னதாகவே. இது தம்போரிம் என்ற சின்னப் பறையின் வேலை. ஆக, தெருவையே நிறைக்கும் மேளக்கூட்டம் ஒரு கிட்டாருக்குள் அடங்கி உட்கார்ந்திருக்கிறது. இதற்கு மேலே ஜோவாவின் குரல் இரண்டையும் ஒட்டாமல் ஒரு வரியில் பிந்தும், அடுத்த வரியில் முந்தும். மூன்றையும் பிரித்துக் கேட்டுவிட்டால் 'ஒரே மாதிரி' என்ற பேச்சே வராது.

நம் ஊர்க்காரர்களுக்கு இதில் தனியாக ஒரு சிக்கல் உண்டு. நம் காது தாளம் தொடங்கும் இடமான சமத்தைத் தேடும், முதல் அடியில் கனம் இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கும். சம்பாவில் பெரிய சுர்தோவின் கனம் இரண்டாவது அடியில் விழுகிறது. அதனால் தொடையில் தாளம் போட்டுக்கொண்டே வருபவர் சீக்கிரமே தடுமாறுவார். இரண்டாவது அடியை ஓங்கிப் போட்டுப் பாருங்கள், சரியாக உட்காரும்.

அப்புறம், லத்தீன் என்றாலே ஒரே தாளம் என்று நினைப்பது. கியூபாவில் கிளாவே என்ற ஒரு கணக்கு உண்டு. 1 முதல் 16 வரை எண்ணி 1, 4, 7, 11, 13 ஆகிய இடங்களில் கை தட்டினால் அதன் ஒரு வடிவம் வந்துவிடும். கியூப இசையில் பியானோ, பேஸ், பாட்டு எல்லாம் அதற்குக் கட்டுப்பட்டவை. அதோடு முரண்படும்படி வாசித்தால் பிழை என்றே சொல்வார்கள். பிரேசிலில் அப்படிக் கட்டாயமான கணக்கு கிடையாது. ஜில்பெர்ட்டோவின் கிட்டாரில் கிளாவேயைத் தேடினால், அவர் விருப்பப்படி இடம் மாற்றுவது பிசகு போலத் தோன்றும். அதே மாதிரி அர்ஜென்டினாவிலும் ஒரு சம்பா இருக்கிறது. தமிழில் எழுதினால் எழுத்துகூட மாறாது, ஆனால் அது வேறு: கைக்குட்டையைச் சுழற்றி மெதுவாக ஆடும் ஆட்டத்துக்கான இசை. சால்ட்டா மாநிலத்தில் பிறந்த டினோ சலூசி வாசிக்கும் பாண்டோனியான் என்ற துருத்தி வாத்தியத்தில் இந்த வகை நாட்டார் இசையின் சாயலைக் கேட்கலாம். பாண்டோனியானையும் ஆர்மோனியம் என்று நினைத்துவிட வேண்டாம். பல பொத்தான்கள் துருத்தியை விரிக்கும்போது ஒரு சுரமும் மூடும்போது வேறொரு சுரமும் தரும்.

சுருக்கிய வடிவத்தைக் கேட்டு முடிவுக்கு வருவதும் தவறுதான். இபனிமா கடற்கரைப் பெண்ணைப் பற்றிய புகழ்பெற்ற பாட்டு 'கெட்ஸ்/ஜில்பெர்ட்டோ' ஆல்பத்தில் ஐந்து நிமிடத்துக்கு மேல் ஓடும். சிங்கிளாக வெளியிட்டபோது ஜோவாவ் போர்ச்சுகீசிய மொழியில் பாடிய பகுதியை வெட்டிவிட்டு, அப்போது அவர் மனைவியாக இருந்த ஆஸ்ட்ரூட் ஆங்கிலத்தில் பாடியதை மட்டும் வைத்தார்கள். ஆஸ்ட்ரூட் பாடியது எனக்கும் பிடிக்கும். ஆனால் முதலில் ஜோவாவ், பிறகு ஆஸ்ட்ரூட் என்று பாட்டு கைமாறும் அழகு அதில் இல்லாமல் போயிற்று.

ஷஃபிளில் போட்டுக் கேட்டால் கெட்டுப்போகும் ஆல்பங்களும் உண்டு. பிரேசிலின் கிட்டார் கலைஞர் எக்பெர்ட்டோ ஜிஸ்மோன்ட்டியும் தாளவாத்தியக் கலைஞர் நானா வாஸ்கொன்செலோசும் 1976 நவம்பரில் ஆஸ்லோவில் பதிவுசெய்த 'டான்சா தாஸ் கபேசாஸ்' அப்படிப்பட்டது. இசைத்தட்டில் பக்கத்துக்கு ஒன்றாக மொத்தம் இரண்டே உருப்படிகள், ஒவ்வொன்றும் கிட்டத்தட்ட 25 நிமிடம். அடர்ந்த காட்டுக்குள் ஒருவரைவிட்டு ஒருவர் தள்ளி நடக்கும் இரண்டு சிறுவர்களின் கதை என்றுதான் ஜிஸ்மோன்ட்டி இதை நானாவிடம் விளக்கினாராம். நடுவிலிருந்து போட்டால் காட்டுக்குள் எந்த வழியாக வந்தோம் என்றே தெரியாது.

இந்த ஆல்பத்தில் பெரிம்பாவ் என்ற வாத்தியம் வரும். வில்லுப்பாட்டு பார்த்தவர்களுக்குச் சட்டென்று அதன் உருவம் பிடிபடும்: வில்லாக வளைத்த கம்பு, அடிக்க ஒரு குச்சி. ஆனால் நம் வில்லைப் போலத் தாளத்துக்கும் மணியோசைக்கும் மட்டுமானது அல்ல. கல்லையோ நாணயத்தையோ கம்பியில் அழுத்தினால் சுருதி மாறும். கட்டியிருக்கும் சுரைக்குடுக்கையை வயிற்றோடு ஒட்டியும் விலக்கியும் பிடித்தால் ஒலி மூடித் திறக்கும், யாரோ 'வாவ்' என்று சொல்வது போல. ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள் வழியாகப் பிரேசிலில் வேரூன்றிய வாத்தியம் இது. ஜாஸுக்கு அலங்காரமாக ஒட்டவைத்தது என்று இதைக் கேட்டால் நானாவின் பாதி இசை கைநழுவிவிடும். ஜிஸ்மோன்ட்டியின் கிட்டார்தான் பல இடங்களில் அதற்குப் பின்பாட்டு பாடுகிறது.

எதில் ஆரம்பிப்பது என்று கேட்டால், அமெரிக்காவிலிருந்து ஆரம்பிக்காதீர்கள் என்பேன். ஜோவாவ் ஜில்பெர்ட்டோ 1959இல் பிரேசிலில் வெளியிட்ட முதல் ஆல்பத்தை எடுங்கள், முழுதாகக் கேட்க அரை மணிகூட ஆகாது. அடுத்த நாள் 1964 ஆல்பம். காட்டுக்குள் போக, இரவு பத்து மணிக்கு மேல் வீடு அடங்கிய ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்கிக்கொள்ளுங்கள்.