காலப்பயண மர்மக் கதை: சிறுவர் நாவலுக்கு முடிச்சுப் போடும் முறை

காலப்பயணம் வரும் துப்பறியும் கதையில் பத்து வயது வாசகர் முதலில் கேட்பது இதைத்தான்: திருட்டு நடந்த நாளுக்கே போய்ப் பார்த்துவிட்டால் என்ன? இதற்குப் பதில் இல்லாமல் எழுதத் தொடங்கினால் பாதியில் கதை நின்றுவிடும்.

படி 1: விதி

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், கேட்டோ மேனர் பகுதியில் ஒரு கற்பனை முருகன் கோயிலை வைத்துக்கொள்வோம். இன்று ஒரு பேத்தி, 1964-இல் காணாமல் போன முருகனின் பித்தளை வேல் ஒன்றைத் தேடுகிறாள். கிணற்றடிப் படிக்கட்டு 1898-க்கு மட்டுமே போகும். அது கோயில் சுவர் எழும்பிய ஆண்டு. ஒவ்வொரு பயணமும் முந்தைய பயணத்துக்கு மறுநாளில் இறக்கிவிடும். நடந்ததை மாற்ற முடியாது. மூன்று விதி போதும். திருட்டு நாளான 1964-க்குப் போகவே வழியில்லை என்பதால் அந்தக் கேள்வி அடிபட்டுப் போகிறது.

மூன்றையும் ஐந்தாம் அத்தியாயத்துக்குள் சொல்லிவிடுங்கள். கடைசியில் புதிதாக ஒரு விதி முளைத்தால் வாசகர் புத்தகத்தை மூடிவிடுவார்; மூடுவதும் நியாயம்தான்.

படி 2: விடையிலிருந்து பின்னோக்கி

1960-களில், எந்த இனத்தவர் எங்கே வாழலாம் என்று பிரித்த இனவாரிக் குடியிருப்புச் சட்டத்தின் கீழ் கேட்டோ மேனர் இந்தியக் குடும்பங்கள் டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதிக்கு அகற்றப்பட்டன. கோயிலையும் இடித்துவிடுவார்கள் என்று பயந்த ஒரு சிறுவன் அந்த வேலை 1898-க்குக் கொண்டுபோய்ச் சுவருக்குள் வைத்துப் பூசிவிடுகிறான். அவன்தான் தாத்தா.

பிறகு ஏன் சொல்லவில்லை? சொன்னார், யாரும் நம்பவில்லை. இதை இரண்டாம் அத்தியாயத்திலேயே ஆயா (பாட்டி) வாயால் கேலியாக வரவழையுங்கள்: "உங்க தாத்தா சின்ன வயசுல பழைய காலத்துக்குப் போய் வந்தேன்னு கதை விட்டவரு!" சிரித்துவிட்டுக் கடந்து போவார்கள். துப்பு விதைத்தாயிற்று.

படி 3: துப்பு

நல்ல துப்பு கண்முன் இருக்க வேண்டும், தப்பாகப் புரிய வேண்டும். சுண்ணாம்புச் சாந்தில் பாதி புதைந்த பித்தளைக் காசு ஒன்று. ஆண்டில் கடைசி இரண்டு எண் மட்டும் தெரிகிறது: 61. எல்லோரும் 1861 என்பார்கள். 1860 நவம்பர் 16 அன்று ட்ரூரோ கப்பலில் சென்னையிலிருந்து வந்திறங்கிய முதல் ஒப்பந்தத் தொழிலாளர்களோடு முடிச்சுப் போடுவார்கள். இரண்டு மூன்று அத்தியாயம் அலையட்டும்.

பிறகு காசைச் சுரண்டி எடுத்தால் மறுபக்கம் மாட்டுவண்டி. டர்பன் இருந்த நேட்டால் காலனியில் அன்று புழங்கியது பவுண்டு, ஷில்லிங், பென்ஸ். விக்டோரியா ராணி தலை போட்ட காசு. மாட்டுவண்டி போட்ட ஒரு சென்ட், தென்னாப்பிரிக்காவின் ரேண்ட் நாணயம் நடப்புக்கு வந்த 1961-ஆம் ஆண்டுக் காசு. 1898-இல் பூசிய சுவருக்குள் அது எப்படி வந்தது?

படி 4: கட்டம் போட்ட தாள்

ஒரு பெரிய தாளில் 1898, 1964, இன்று என மூன்று பத்தி வரையுங்கள். ஒவ்வொரு பொருளும் எந்தக் காலத்தில் எங்கே இருக்கிறது என்று நிரப்புங்கள். புதியவர்கள் சறுக்குவது இங்கேதான். பித்தளை வேலையே எடுத்துக்கொண்டால், கோயில் திறந்ததிலிருந்து 1964 வரை அது இரண்டு இடத்தில் இருக்கும்: கருவறையில் ஒன்று, சுவருக்குள் ஒன்று. பிழை என்று பதறி அழிக்க வேண்டாம், கதையின் ருசியே அதுதான். அடையாளம் மட்டும் கொடுங்கள். 1950-களில் கீழே விழுந்து நுனி மழுங்கியது என்றால், சுவருக்குள் இருப்பதும் மழுங்கியே இருக்க வேண்டும்.

அளவு

ஒன்பது முதல் பன்னிரண்டு வயதுக்கு இருபது அத்தியாயம், ஒவ்வொன்றும் ஆயிரம் சொல் அளவு. சந்தேகத்துக்குரியவர் மூவர், கூடினால் பெயர் குழம்பும்.

வரைவு முடிந்ததும் 1898 அத்தியாயங்களை மட்டும் தனியே படியுங்கள். சுவர் கட்டும் கொத்தனார், "நேத்து ஒரு பையன் வந்தான்" என்று சொல்வது பேத்தியின் முதல் பயணத்தில்தான் வர வேண்டும். இரண்டாவது பயணத்தில் வந்தால் மறுநாள் விதி உடைந்துவிடும். அப்போது 'நேத்து' வந்தவள் பேத்தியே.