சினைப்பை, கருப்பைப் புற்றுநோய்களுக்குக் கீமோதெரபி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

புற்றுநோய்ப் பிரிவில் புதிதாகச் சேரும் இளம் மருத்துவர்கள் எழுதும் கீமோ சீட்டுகளைச் சரிபார்ப்பது இப்போது என் பணிகளுள் ஒன்று. சென்ற மாதம் வந்த ஒரு சீட்டில், பல ஆண்டுகளுக்கு முன் நான் செய்த அதே பிழை இருந்தது. நோயாளியின் பெயரைச் சரிபார்ப்பது, மருந்தின் காலாவதித் தேதியைப் பார்ப்பது போன்றவற்றை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. விவரம் தெரிந்தவர்களே தடுமாறும் இடங்களை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

கணக்கில் வந்த கார்போபிளாட்டின் அளவை அப்படியே எழுதிவிடுவது

சினைப்பைப் புற்றுநோய்க்கு மூன்று வாரங்களுக்கு ஒருமுறை பாக்ளிடாக்செலும் கார்போபிளாட்டினும் சேர்த்து ஆறு சுற்றுகள் கொடுப்பது நெடுநாளாக நிலைபெற்ற முறை. பாக்ளிடாக்செலின் அளவை உடற்பரப்பைக் கொண்டு கணக்கிடுகிறோம். கார்போபிளாட்டினோ பெரும்பாலும் சிறுநீரகம் வழியாகவே வெளியேறுவது. ஆகவே சிறுநீரகம் வடிகட்டும் வேகத்தைக் கொண்டுதான் அதன் அளவைக் கணிக்க வேண்டும். 1989-இல் வெளியான கால்வெர்ட் சூத்திரப்படி, வடிகட்டும் வேகத்தோடு 25-ஐக் கூட்டி, வேண்டிய ஏ.யூ.சி. எண்ணால் (மருந்து ரத்தத்தில் எவ்வளவு, எவ்வளவு நேரம் இருக்க வேண்டும் என்பதைக் குறிக்கும் எண்) பெருக்கினால் மருந்தின் அளவு மில்லிகிராமில் கிடைத்துவிடும். இந்தக் கூட்டலிலும் பெருக்கலிலும் யாரும் தவறுவதில்லை. ஆனால் வடிகட்டும் வேகத்தை நாம் பெரும்பாலும் நேரடியாக அளப்பதில்லை. வயது, எடை, ரத்தத்திலுள்ள கிரியாட்டினின் என்ற தசைக் கழிவுப்பொருள் ஆகிய மூன்றையும் வைத்து மதிப்பிடுகிறோம், பிழை அங்கேதான் நுழைகிறது.

என் பயிற்சிக் காலத்தில் 62 வயதுப் பெண்மணி ஒருவர் முதல் சுற்றுக்கு வந்திருந்தார். வயிறு நீர் கோத்துப் பெருத்திருந்தது. புஜங்களோ என் இரு விரல்களுக்குள் அடங்கிவிடும் அளவுக்கு மெலிந்திருந்தன. தராசு 68 கிலோ காட்டியது, கிரியாட்டினின் 0.5 இருந்தது. சிறுநீரகம் மிக நன்றாக இயங்குகிறது என்று எண்ணிக்கொண்டு கணக்கிட்டேன். வடிகட்டும் வேகம் நிமிடத்துக்கு 125 மில்லி என வந்தது, ஏ.யூ.சி. 5 என்ற கணக்கில் 750 மில்லிகிராம் எழுதினேன். வேகத்தை 125-க்கு மேல் எடுத்துக்கொள்ளக் கூடாது என்ற உச்சவரம்பையும் மீறவில்லை என்பதால் எனக்கு ஐயமே எழவில்லை.

அந்த 68 கிலோவில் ஏறத்தாழ 10 கிலோ வயிற்றில் இருந்த நீர். கிரியாட்டினின் குறைந்திருந்ததற்குக் காரணம் சிறுநீரகத்தின் வலிமையன்று. அதை உண்டாக்கும் தசையே அவர் உடலில் கரைந்துபோயிருந்தது. எடையை 58 கிலோ என்றும், பல மருத்துவக் குழுக்கள் பின்பற்றும் கீழ்வரம்பின்படி கிரியாட்டினினை 0.7 என்றும் எடுத்துக்கொண்டிருந்தால், வடிகட்டும் வேகம் 76 என்றும் மருந்து 505 மில்லிகிராம் என்றும் வந்திருக்கும். அவருக்கு 245 மில்லிகிராம் கூடுதலாக ஏற்றியிருந்தேன். பதினேழாம் நாள் ஈறுகளில் ரத்தக் கசிவோடும், முழங்காலுக்குக் கீழே ஊசிமுனை அளவுச் சிவப்புப் புள்ளிகளோடும் அவரை அழைத்து வந்தார்கள். ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் 14,000-க்கு இறங்கியிருந்தன. தட்டணுக்கள் ஏற்றி அவரைத் தேற்றினோம். இரண்டாம் சுற்று இரண்டு வாரம் தள்ளிப்போயிற்று. "அம்மாவுக்கு மருந்து ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது டாக்டர்" என்றார் மகள். அளவு கூடிவிட்டது, கணக்கிட்டவன் நான்தான் என்று அவரிடம் சொல்ல எனக்கு இரண்டு நாள் ஆயிற்று.

சென்ற மாதச் சீட்டிலும் இதே நீர் கோத்த வயிறு, இதே மெலிந்த கைகள், கிரியாட்டினின் 0.4. எழுதியவர் நோயாளியைப் பார்த்திருக்கிறார், தொட்டுப் பரிசோதித்திருக்கிறார், ஆனால் கணிப்பானைத் திறந்ததும் அவரை மறந்து எண்ணை மட்டும் நம்பிவிட்டார். இதற்கு நான் இன்றும் கோபப்படுகிறேன், ஏனெனில் இதைத் தடுக்கப் புதிய கருவியோ கூடுதல் பரிசோதனையோ வேண்டியதில்லை. வயிறு பெருக்கும் முன் எடை என்ன இருந்தது என்று கேட்க வேண்டும். நீரை வடித்திருந்தால் வடித்த பிறகு மீண்டும் எடை பார்க்க வேண்டும். கிரியாட்டினின் குறைவாக இருந்தால் மகிழும் முன் நோயாளியின் தோள்களையும் தொடைகளையும் பார்க்க வேண்டும்.

இதே பிழை அடுத்தடுத்த சுற்றுகளில் வேறு உருவில் வரும். "சென்ற முறை கொடுத்த அளவே" என்று எழுதுவார்கள். இடையில் மூன்று நாள் வாந்தி எடுத்து உடல் வறண்டு கிரியாட்டினின் 1.2-க்கு ஏறியிருந்தால், சென்ற முறைக்குச் சரியாக இருந்த அளவு இம்முறை மிகையாகிவிடும். இவற்றுக்கெல்லாம் அஞ்சி, காரணமின்றி அளவைக் குறைத்து எழுதுகிறவர்களும் உண்டு. அதுவும் தவறே, குணமாகக்கூடிய நோயாளிக்கு அரைகுறை மருந்து கொடுத்தால் பின்னால் அதை ஈடுகட்ட முடியாது.

பிளாட்டினத்தை முதலில் ஏற்றுவது

பாக்ளிடாக்செல் முதலில், பிளாட்டினம் வகை மருந்து (கார்போபிளாட்டினோ சிஸ்பிளாட்டினோ) பிறகு. சிஸ்பிளாட்டின் முந்தினால் பாக்ளிடாக்செல் உடலைவிட்டு வெளியேறுவது தாமதமாகி, வெள்ளையணுக்கள் மேலும் சரியும்.

காய்ச்சலுக்கு விடியும் வரை பொறுக்கச் சொல்வது

மருந்து ஏற்றிய ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாள் வரை வெள்ளையணுக்கள் பெரும்பாலும் அடிமட்டத்தில் இருக்கும். அந்நாட்களில் ஒருமுறை 38.3 டிகிரி செல்சியஸ் காட்டினாலோ, 38 டிகிரி ஒரு மணி நேரம் நீடித்தாலோ நோயாளி உடனே மருத்துவமனைக்கு வர வேண்டும். வந்த ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் நரம்பில் ஏறியிருக்க வேண்டும். ரத்த அணுக்களின் எண்ணிக்கை வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. தொலைபேசியில் "பாராசிட்டமால் போட்டுக்கொண்டு காலையில் வாருங்கள்" என்று சொல்வது ஆபத்து. காய்ச்சல் தணிந்துவிடும், கிருமி ரத்தத்தில் பெருகிக்கொண்டிருக்கும்.

கார்போபிளாட்டின் பழகிய மருந்து என்று கவனம் குறைவது

பாக்ளிடாக்செலின் ஒவ்வாமை பெரும்பாலும் முதல் இரண்டு சுற்றுகளில், ஏற்றத் தொடங்கிய சில நிமிடங்களிலேயே தெரிந்துவிடும். அப்போது எல்லோரும் அருகில் நிற்பார்கள். கார்போபிளாட்டினின் ஒவ்வாமை பல சுற்றுகள் சிக்கலின்றி ஏறிய பிறகு, நோய் திரும்பி வந்து அம்மருந்தையே மீண்டும் தொடங்கும் ஏழாம் எட்டாம் முறையில் வருவது வழக்கம். அப்படி எட்டாம் முறை வந்திருந்த ஒருவர், பேசிக்கொண்டே உள்ளங்கையைக் கட்டிலின் கம்பியில் தேய்த்துக்கொண்டிருந்தார். அருகிலிருந்த செவிலியர் அதைக் கண்டு, என்னைக் கூப்பிடும் முன்பே சொட்டை நிறுத்திவிட்டார். நான் வந்து பார்க்கும்போது முகம் சிவந்து, ரத்த அழுத்தம் இறங்கத் தொடங்கியிருந்தது.

கீமோவுக்காகக் கதிர்வீச்சை நிறுத்துவது

தொடக்க நிலையைத் தாண்டி அருகில் பரவிய கருப்பை வாய்ப் புற்றுநோயில் கதிர்வீச்சுதான் முதன்மைச் சிகிச்சை. வாரந்தோறும் சதுர மீட்டருக்கு 40 மில்லிகிராம் வீதம் கொடுக்கும் சிஸ்பிளாட்டின் அதற்குத் துணை. அணுக்கள் குறைந்தால் அந்த வாரத்துச் சிஸ்பிளாட்டினை விடலாம். அதற்காகக் கதிர்வீச்சையும் சேர்த்துத் தள்ளிப்போடக் கூடாது. உட்கதிர்வீச்சு உட்பட மொத்தச் சிகிச்சையும் எட்டு வாரங்களுக்குள் முடிய வேண்டும்.

எச்.சி.ஜி. இயல்புக்கு வந்ததும் மெத்தோட்ரெக்ஸேட்டை நிறுத்துவது

நஞ்சுக்கொடித் திசுக் கட்டிகளில், அவை சுரக்கும் எச்.சி.ஜி. என்ற ஹார்மோன் இயல்புக்கு வந்த பிறகும் இந்த மருந்தை இரண்டு மூன்று சுற்றுகள் கொடுக்க வேண்டும்.

"மரத்துப்போகிறதா?" என்று மட்டும் கேட்பது

பாக்ளிடாக்செல் நரம்புகளைத் தாக்கி விரல்களை மரத்துப்போகச் செய்யும். ஆனால் கேட்டால் இல்லை என்றுதான் பலர் சொல்வார்கள். ஆம் என்றால் மருந்தை நிறுத்திவிடுவார்களோ என்ற அச்சம் அவர்களுக்கு. நான்காம் சுற்றுக்கு வந்த ஒருவர் கை கால் நன்றாக இருப்பதாக உறுதியாகச் சொன்னார். பரிசோதனை முடிந்து எழுந்தபோது, அவருடைய சட்டைப் பொத்தான்களைக் கணவர் குனிந்து ஒவ்வொன்றாகப் போட்டுவிட்டார். பாக்ளிடாக்செலைத் தொடர்வதா, குறைப்பதா என்பதை அன்று அந்தப் பொத்தான்களைப் பார்த்தே முடிவுசெய்தேன். அதிலிருந்து, என் முன்னால் ஒரு பொத்தானைப் போட்டுக் காட்டச் சொல்கிறேன்.